பழங்கார்கள் ஆற்றிய பொதுப்பணி

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தையொட்டி ஹைலண்ட் பார்க் என்றோர் ஊர் உண்டு. அங்கே வுட்வர்டு சாலையோரத் தொழிற்சாலையில், 1913ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு நகரும் தொடர்வரிசை முறையைப் புகுத்தினார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த காரின் அடிச்சட்ட வேலை, மறு ஆண்டிலேயே 93 நிமிடங்களில் முடிந்தது. செல்வர்க்கே உரியதாயிருந்த வாகனம் உழைப்பாளியின் வாசலுக்கும் வந்தது. காலம் மாறியது, ஆலைகள் அடங்கின, ஊரும் நலிந்தது.

ஆயினும், அதே சாலையில் வடக்கேயுள்ள ஃபெர்ண்டேல் ஊரார், கால்பந்துத் திடலொன்றுக்கு நிதி திரட்ட 1995இல் பழங்கார்களின் பவனியொன்றை நடத்தினர். அதனைக் காண ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் திரண்டனர்.

முன்னோர் உழைப்பில் உருவான பொருளைப் பேணிக் காப்பது நன்று. அதனைப் பிறர் நலனுக்குப் பயன்படுத்துவது அதனினும் நன்று என்பதே நாம் இவ்வரலாற்றில் காணும் பாடம்.