மாறாத வண்டியும் மாறும் விலையும்

பழைய நினைவுகளை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் வொர்க்‌ஷாப் மாஸ்டரின் மீசையைப் பற்றியும் எழுத நம் அணியில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. எனவே, நான் படித்த இயந்திரவியலுக்குக் கொஞ்சம் ஒட்டினாற்போல் ஒரு வண்டியின் சரித்திரத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் எனக்குப் பிடித்த பைத்தியம் இது. வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை, நீங்களாவது கேளுங்கள்.

'டூயல் ஸ்போர்ட்' என்று ஒரு வகை மோட்டார் சைக்கிள். தார் ரோட்டிலும் போகும், ரோடே இல்லாத இடத்திலும் போகும். உயரமான சஸ்பென்ஷன், முண்டு முண்டான டயர், லைட்டும் ஹார்னும் நம்பர் பிளேட்டும் உண்டு. இதில் 200, 250 சி.சி. சிறிய வண்டிகளைப் பற்றித்தான் என் பேச்சு.

1968-இல் யமஹா டி.டி.-1 என்ற 250 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதுவரை அமெரிக்கர்கள் கனமான ரோடு வண்டிகளின் சைலன்சரைத் தூக்கிக் கட்டி, பாலைவனத்தில் மல்லுக்கு நின்றார்கள். டி.டி.-1 இலேசானது, விலையும் 800 டாலருக்குள். ஆள் ஆளுக்கு வாங்கினார்கள். 1972-இல் ஹோண்டா எக்ஸ்.எல். 250 வந்தது. ஃபோர் ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டரில் நாலு வால்வு. அந்தப் பத்தாண்டுகளில் வருஷத்துக்கு ஒரு மாற்றம் இருந்தது என்றே சொல்லலாம். போட்டி அப்படி!

பிறகு என்ன ஆயிற்று? 1987-இல் யமஹா டி.டபிள்யூ. 200 வந்தது. 196 சி.சி., காற்றில் குளிரும் என்ஜின், மணலில் புதையாத தடித்த டயர்கள். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டியது இதைத்தான். என் உயரம் உங்களுக்குத் தெரியும். இரண்டு காலும் தரையில் பட்ட ஒரே டூயல் ஸ்போர்ட் அதுதான். 2001-இல் அதன் முன் சக்கரத்துக்கு டிரம்முக்குப் பதிலாக டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு கிக்கரை எடுத்துவிட்டார்கள்! மற்றபடி பெரிய மாற்றமில்லை. 2020-களிலும் அது கார்புரேட்டருடன்தான் விற்பனையானது, விலை 5,000 டாலரை நெருங்கியிருந்தது. "தாத்தா வண்டியைப் புதுசு விலைக்கு விக்கிறான், நீயும் அதைப் புகழ்ந்துகிட்டே இருக்கே" என்று நம் அணி நண்பர் ஒருவர் போனில் என்னை வாரினார். (அதே வண்டி ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு ஒரு டி.வி. தொடரில் கதாநாயகன் ஓட்டியதால் டோக்கியோ இளைஞர்களிடையே ஃபேஷனாகிப் போனது தனிக் கதை.)

நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. அச்சுக்கும் டூலிங்குக்கும் போட்ட முதல் எப்போதோ திரும்பி வந்திருக்கும். அப்படியானால் விலை இறங்கத்தானே வேண்டும்?

இறங்காததற்கு முக்கியமான காரணம் ஒன்று என்ஜினுக்குள் இல்லை, நாணயச் சந்தையில் இருக்கிறது. 1985-இல் பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தான சமயம் ஒரு டாலருக்கு சுமார் 240 யென். 1988-க்குள் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1995-இல் 80 யென்னைத் தொட்டது. ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்பவனுக்கு அதே டாலர் விலையில் பாதி யென்தான் மிஞ்சும். பெரிய வண்டியில் லாபம் இருக்கிறது, தாங்கும். சிறிய வண்டியில் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு வாங்குபவர்களும் குறைவு. புது என்ஜின் வரைந்து, அச்சு செய்து, புகைப் பரிசோதனையில் தேற வைக்கும் செலவைச் சில ஆயிரம் வண்டிகள் மேல் பரப்பினால் தலைக்கு எவ்வளவு விழும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பழையதையே ஓட்டுவோம் என்று இருந்துவிட்டார்கள்.

சில சமயம் மாற்றம் தயாராக இருந்தும் வந்து சேரவில்லை. கவாசாகி கே.எல்.எக்ஸ். 250-க்கு ஜப்பானில் 2008-இலேயே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அமெரிக்காவில் அது கிடைத்தது 2018-இல்! இதற்கு யென்னைக் குறை சொல்ல முடியாது. கேட்பாரில்லை, அதனால் கொடுப்பாரில்லை.

முடிச்சை அவிழ்த்தது தாய்லாந்து. ஹோண்டா 2011-இன் சி.பி.ஆர். 250 ரோடு வண்டியின் என்ஜினையே எடுத்து, அங்குள்ள தொழிற்சாலையில் சி.ஆர்.எஃப். 250 எல் வண்டியைச் செய்தது. 2013 மாடலாக அமெரிக்காவில் அதன் விலை 4,499 டாலர். 2021-இல் அதுவே 286 சி.சி. ஆகி, எடையும் குறைந்து, 5,249 டாலருக்கு வந்தது. இடைப்பட்ட வருஷங்களின் பணவீக்கத்தைக் கழித்தால் ஏறக்குறைய பழைய விலைதான். என்ஜின் செலவை இன்னொரு வண்டியோடு பங்கு போட்டால் இது சாத்தியமாகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வண்டி வாங்கப் போகிறவரின் முதல் கேள்வி "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் டூயல் ஸ்போர்ட் எப்படி நிற்கும்? ஹோண்டாவிடமிருந்து பிரிந்த ஹீரோ 2011-இல் இம்பல்ஸ் என்று 150 சி.சி. வண்டி ஒன்றை விட்டது. விலை 66 ஆயிரத்துச் சொச்சம். அது பிரேசிலில் ஓடிக்கொண்டிருந்த ஹோண்டா வண்டியின் வாரிசு. "அதே என்ஜின் ரோடு வண்டியில் இருக்கே, இதுக்கு ஏன் கூடுதல் காசு?" என்று ஜனங்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் வண்டி மறைந்தது.

2019 மே மாதம் அதே நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. அதன் விலைப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஒரு தனி சந்தோஷம். கார்புரேட்டர் வண்டி 97,000 ரூபாய்; ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி 1,05,000. ஒரு முன்னேற்றத்தின் விலை எட்டாயிரம் என்று பட்டியலே சொல்லியது. வேண்டும் என்பவர் கொடுக்கலாம், வேண்டாம் என்பவர் மிச்சம் பிடிக்கலாம். அன்றைய டாலர் கணக்கில் 97,000 ரூபாய் என்பது 1,400 டாலர்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் கார்புரேட்டர் போயிற்று. வாங்குபவருக்கு அந்தத் தேர்வு பதினோரு மாதம்தான் இருந்தது.

மெதுவாக மாறுவதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். மலைக் கிராமத்து மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து சரி செய்யக்கூடிய வண்டிக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆஸ்திரேலியத் தபால்காரர்கள் ஹோண்டா சி.டி. 110 வண்டியைப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். அதை மாற்றச் சொல்லி யாரும் அழவில்லை. ஆனால் மாறாத வண்டிக்கு வருஷா வருஷம் புது ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. மாற்றினால் கேளுங்கள், கொடுக்கிறோம். 2025-இல் எக்ஸ்பல்ஸ் 210 சுமார் 1.75 லட்சத்துக்கு வந்தது. லிக்விட் கூலிங், நாலு வால்வு, கணிசமாகக் கூடிய சக்தி. ஆறு வருஷத்தில் விலை முக்கால் மடங்குக்கு மேல் ஏறியிருந்தாலும் என்ன வாங்கினோம் என்று விரலை நீட்டிக் காட்ட முடிகிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி.யை மாற்றினார்கள். 350 சி.சி. வரை 28 சதவீதம் 18 ஆயிற்று. அதற்கு மேல் 40. எக்ஸ்பல்ஸ் விலை இறங்கியது. நம்ம சென்னைப் பக்கத்துத் தயாரிப்பான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 ஏறியது. இரண்டு வண்டியிலும் ஒரு போல்ட் நட்டு கூட மாறியிருக்கவில்லை. வாரிய நண்பர் மறுபடியும் போன் செய்தார், எது வாங்கலாம் என்று கேட்க. அவர் இருப்பது ஏற்காட்டில், உயரம் என்னைப் போலத்தான். முதலில் ஷோரூமுக்குப் போய் ஏறி உட்கார்ந்து, கால் எட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.