காவலர்க்கு விதித்த எல்லை

ஆனையிறவுக் கடல்நீரேரிக்குத் தெற்கே அமைந்த வயலூர் கண்டாவளை. இத்தகைய வன்னிக் கிராமங்களில் ஒரு காலத்தில் சட்டம் என்றால் விதானையார் என்றே பொருள். மாடு களவு போயினும், வரம்புச் சண்டை மூண்டாலும், மக்கள் முதலில் சென்றது அவர் வாசலுக்கே. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இலங்கைப் பொலிஸ் படைக்கு அடித்தளம் இட்டது. எனினும் காடு சூழ்ந்த ஊர்களுக்கு அப்படை மெல்லவே வந்தது. அரசாங்க அதிபர் எழுத்து மூலம் நியமித்த கிராமத் தலைவரையும் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைக் கோவை சமாதான உத்தியோகத்தராகவே கொண்டது. 1963இல் அப்பதவி ஒழிந்து, கிராம சேவகர் முறை வந்தது.

சீருடை தரித்தவராயினும் சால்வை தரித்தவராயினும், பிறரைப் பிடித்துவைக்கும் அதிகாரம் ஒருவர் கைக்கு வந்ததும் ஒரு வினா எழுகின்றது. பிடிபட்டவன் அவர் முன் கூறும் ஒப்புதலை எவ்வளவு நம்பலாம்?

இதற்கு விடை பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை மாகாண மக்கள் பட்ட துன்பத்திலிருந்து பிறந்தது. அங்கே வரி தண்டிய அலுவலரே காவலும் புரிந்தனர். வரி செலுத்தாத குடியானவனையும், களவுக் குற்றம் சாட்டப்பட்டவனையும் அவர்கள் ஒரே வகையில் வதைத்தனர். விரல்களை நெரிக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கட்டும் ‘அண்ணந்தாள்’ ஆகிய கொடுமைகளை எலியட், ஸ்டோக்ஸ், நோர்ட்டன் என்னும் மூவர் குழு 1855ஆம் ஆண்டு அறிக்கையில் பதிந்தது. நெடுந்தொலைவு நடந்துவந்து முறையிட்டோர் பலர். 1859இல் அங்கே காவற்றுறை வருவாய்த்துறையினின்று பிரிக்கப்பட்டது. காவலரிடம் கூறிய ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிறுவலாகாது என 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. அவ்விதியையே 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் இலங்கைக்குக் கொணர்ந்தது.

இவ்விதி காவலரை இழிவுபடுத்துவது என்பார் உளர். உண்மையில் அது அவர் தொழிலை உயர்த்துவதாகும். வெயிலில் அலைந்து தடயம் தேடுவதற்கு அறிவும் உழைப்பும் வேண்டும். அடித்து ஒப்புக்கொள்ளச் செய்வதற்கு இரண்டும் வேண்டியதில்லை.

1979ஆம் ஆண்டு இரு வேறு திசைகளைக் காட்டிற்று. அவ்வாண்டு யூலையில் நிறைவேறிய பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பெற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என நிறுவும் சுமையையும் சிறைப்பட்டவர் மீதே ஏற்றியது. அதே ஆண்டு திசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற காவலர் ஒழுக்கக் கோவையோ, மேலதிகாரியின் கட்டளையாலும் போர்ச்சூழலாலும் சித்திரவதை நியாயமாகாது என்றது. நிறுவும் சுமையை அவ்வாறு மாற்றியது நியாயமான விசாரணைக்கு முரணானது என ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் முடிவு கூறிற்று. சித்திரவதைக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறையை இலங்கையின் 1994ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது.

ஆகவே, காவலரின் நேர்மையைச் சோதிக்கும் இடம் பூட்டிய அறையே. அங்கே சாட்சியில்லாத வேளையில் கையை அடக்குபவரே மக்கள் அஞ்சாது நாடும் காவலராவார்.