மரநார் தந்த நுண்படிகம்

பஞ்சுக்கும் மரத்துக்கும் வைக்கோலுக்கும் உடலுறுதி தருவது ஒரே பொருள். அதனைப் பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டியவர் பிரெஞ்சு ரசாயன அறிஞர் அன்செல்ம் பேயன், ஆண்டு 1838. செல்லுலோஸ் என்னும் பெயர் மறு ஆண்டே வழங்கலாயிற்று.

நீரில் கரையாத இப்பொருளைக் கரைக்க மனிதன் பட்ட பாடு பெரிது. 1857-இல் ஸ்விட்சர்லாந்தின் ஷ்வைட்சர், தாமிரமும் அம்மோனியாவும் சேர்ந்த நீலக் கரைசலில் அதனைக் கரைத்தார். 1892-இல் இங்கிலாந்தின் கிராஸ், பெவன், பீடில் ஆகிய மூவர், கார்பன் டைசல்பைடின் துணையால் விஸ்கோஸ் முறையைக் கண்டனர். செயற்கைப் பட்டு மலிந்தது. அவ்வாவியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளருள் பலர் நரம்பு தளர்ந்தனர். சிலர் சித்தமும் கலங்கினர். மலிவான பட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

செல்லுலோஸ் இழையில் ஒழுங்காக அடுக்கிய பகுதிகளும் உண்டு, குலைந்த பகுதிகளும் உண்டு. கந்தகத் திராவகம் குலைந்தவற்றை முதலில் அரித்துவிடும். எஞ்சுவது ஊசி போன்ற படிகம். ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் ரோன்பி என்பார் 1949-இல் இவற்றை நீரில் மிதக்கும் நுண்துகள்களாகப் பெற்றார். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர். மரநார்ப் படிகத்தின் அகலம் அத்தகைய கூறுகளில் ஏறக்குறைய ஐந்தே. 1992-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார், இப்படிகங்கள் நீரில் தாமாகவே முறுக்கு வரிசையில் அணிவகுப்பதைக் கண்டனர். அந்நீரை உலர்த்திப் பெறும் மெல்லேடு மயிற்கழுத்துப் போல் நிறம் காட்டுவதுண்டு.

இடர் திராவகத்தில் இருந்தது. அதன் செறிவு சுமார் 64 சதவீதம். வேலை முடிந்தபின் ஏராளமான நீர்விட்டு அலச வேண்டும். அவ்வாறு நீர்த்த திராவகத்தை மீட்பது கட்டுப்படியாகாது.

ஆகவே 'பசுமைக் கரைப்பான்' தேடப்பட்டது. மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு இத்தொடரில் முழு நிறைவு இல்லை. நிறத்தைக் குறிப்பதாக மயங்க இடமுண்டு. 2002-இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில், உருகிய நிலையிலுள்ள உப்பில் செல்லுலோஸைக் கரைத்துக் காட்டினர். அதில் ஆவி எழாது என்று மெச்சினோம். எனினும் அவ்வகை உப்புகள் சில நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதையும் சொல்லவேண்டும். 2003-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில், கோழித்தீவனத்தில் சேரும் கோலின் குளோரைடையும் யூரியாவையும் கலந்தனர். திண்பொருள்கள் இரண்டும் கூடித் திரவமாயின. யூரியாவுக்குப் பதில் ஆக்ஸாலிக் அமிலம் சேர்த்த அத்தகைய கலவையால், பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தார் 2016-இல் மரக்கூழிலிருந்து நுண்படிகம் எடுத்தனர்.

அவ்வாண்டே அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தார், ஆக்ஸாலிக் போன்ற திண்ம அமிலங்களைச் சூடான நீரில் செறிவாகக் கரைத்து அவ்வேலையைச் செய்தனர். நம் கருத்தில் இதுவே எளிய வழி. வேலை முடிந்து கரைசல் ஆறியதும் அமிலத்தின் பெரும்பகுதி மீண்டும் படிகமாய் அடியில் தங்கும். அதனை அள்ளி மறுமுறை பயன்படுத்தலாம்.