திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும்

எங்க ஊர் எரியோட்டில் இருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்குக் காரில் போக சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான்.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து நேர்கோட்டு தூரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 184 கி.மீ. ஏடிஆர் விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படியென்றால் 22 நிமிடம் போதுமே? அட்டவணையில் இருப்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் இருந்து, போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. குறுகிய பயணத்தில் பாதி நேரம் இதற்கே போய்விடும்.

சரி, இந்த வழி புதுசா? இல்லை. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, ரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணத்தில் இறங்கி சென்னை வந்தது. பிறகு பலாலிக்கும் திருச்சிக்கும் இடையிலும் ஏர் சிலோன் பறந்தது. போர் வந்ததும் பலாலி ராணுவத் தளமானது.

அதன்பின் திருச்சிக்காரர் யாழ்ப்பாணம் போவதென்றால் கொழும்புக்கு சுமார் 420 கி.மீ. பறந்து, அங்கிருந்து வடக்கே சாலையில் இன்னொரு 400 கி.மீ. போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. 2019 அக்டோபர் 17-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. திருச்சிக்கு 2025 மார்ச் 30-இல் இண்டிகோ பறக்க ஆரம்பித்தது.

இதெல்லாம் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கான கணக்கு. திண்டுக்கல் பக்கத்தில் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 14-இல் அங்கே 321 புது வீடுகளை முதல்வர் திறந்து வைத்தார். அங்கிருந்து பலாலி நேர்கோட்டில் 230 கி.மீ. தான். ஆனால் தமிழ்நாட்டு முகாம்களில் உள்ள பலரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்லை. இங்கேயே பிறந்த பிள்ளைகள் பலருக்கும் இந்தியக் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்களைத்தான் பேசுகிறது. இலங்கை அதில் இல்லை. தற்காலிகப் பயண ஆவணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகலாம். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. பிள்ளைகளின் படிப்பு, வேலை எல்லாம் இங்கேதானே?

நானும் நீங்களும் வார இறுதியில் நல்லூர் கந்தனைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம். நல்லூரிலேயே பிறந்து முகாமில் நரைத்த ஒருவருக்கு அதே தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று என் கணக்கில் போட முடியவில்லை.