மெக்லாரன் எஃப் 1

மெக்லாரன் எஃப் 1 என்பது, இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து வோக்கிங் நகரில் மெக்லாரன் கார்ஸ் ஸ்தாபனத்தாரால் 1992 முதல் 1998 வரை நிர்மாணிக்கப்பட்ட, மூவர் அமரக்கூடிய உயர்தர ஸ்போர்ட்ஸ் கார். மாதிரி வண்டிகளையும் பந்தய வண்டிகளையும் சேர்த்து மொத்தம் 106 கார்களே செய்யப்பட்டன. சாலையில் ஓட்டுவதற்கென விற்பனைக்கு வந்த கார்களில், உடற்கூட்டைக் கார்பன் இழையால் அமைத்துக்கொண்ட முதற்கார் இதுவே. இதன் எடை 1138 கிலோ. எஞ்சினின் வலிமை 627 குதிரைத்திறன். அதாவது ஒரு டன் எடைக்கு ஏறத்தாழ 550 குதிரைத்திறன் என்னும் விகிதம், அக்காலத்துச் சாலைக் கார் எதற்கும் எட்டாததாயிருந்தது. இதன் வேகத்தையே பெரும்பாலோர் வியந்து பேசுவர். ஆயினும் வேகத்தை உத்தேசித்துச் செய்யப்பட்ட கார் அன்று இது. ஒவ்வோர் உறுப்பிலும் எடையைக் குறைப்பதென்ற நியதியை ஒருவர் விடாப்பிடியாக அனுஷ்டித்ததன் பலனாகவே வேகம் தானாக வந்து சேர்ந்தது என்பதுதான், இதன் சரித்திரத்தை ஆராய்வோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய விஷயம்.

காரில் எடை ஏன் ஒரு தீங்காகக் கருதப்படுகிறதென்பதைச் சற்று விரித்துரைப்பது அவசியம். எஞ்சினின் வலிமையைப் பெருக்கினால் கார் நேர்ப்பாதையில் விரைந்து செல்லும். ஆனால் வளைவில் திரும்பும்போதும், பிரேக்கை அழுத்தி நிறுத்தும்போதும் அவ்வலிமையால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. எடையைக் குறைத்தாலோ முடுக்கம், திருப்பம், நிறுத்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே சிறப்படைகின்றன. பாரம் கூடுந்தோறும் டயர் தரையை மேலும் அழுத்துவது உண்மையேயாயினும், அதன் பிடிப்பு அதே விகிதத்திற் கூடுவதில்லை. ஆதலால் கனத்த கார், இலேசான காருக்குரிய டயர்களைக் கொண்டு அதே வளைவை அதே வேகத்தில் கடக்க மாட்டாது. அன்றியும், ஓரிடத்தில் ஏறிய எடை அவ்விடத்தோடு நிற்பதில்லை. எஞ்சின் கனத்தால் அதைத் தாங்கும் சட்டம் கனக்கவேண்டும். சட்டம் கனத்தால் வில்லும் பிரேக்கும் சக்கரமும் பெரிதாகவேண்டும். இவையெல்லாம் பெரிதானபின் பழைய வேகத்தை மீட்க எஞ்சினே இன்னும் பெரிதாகவேண்டும். அதற்குரிய பெட்ரோலையும் கூடவே சுமக்கவேண்டும். இந்தச் சுழலை எதிர்த்திசையில் திருப்பிவிடுவதே இலேசுக் கட்டுமானக் கலையின் சாரம்.

இக்கலை எஃப் 1 காரோடு பிறந்ததன்று. மிலான் நகரத்துக் கரோட்ஸேரியா டூரிங் நிறுவனத்தார், மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு பின்னி அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் சூப்பர்லெஜ்ஜேரா என்னும் முறையை 1936-ல் கைக்கொண்டனர். அம்முறைப்படி உடல் அமைத்த பி.எம்.டபிள்யூ. 328 கார் 1940-ஆம் ஆண்டு மில்லே மில்யா பந்தயத்தில் வெற்றி பெற்றது. 1954-ல் வெளிவந்த மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். காரில் ரூடால்ஃப் ஊலன்ஹாட் அமைத்த குழாய்ச் சட்டம், இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டிப் பக்கவாட்டில் உயர்ந்து நின்றமையால், சாதாரணக் கதவு வைக்க இடமின்றி, கூரையிலிருந்து மேல்நோக்கித் திறக்கும் கதவுகளை வைக்க நேர்ந்தது. இன்றுவரை அழகென்று கொண்டாடப்படும் அக்கதவுகள் எடைக் கணக்கின் நிர்ப்பந்தத்தால் தோன்றியவை. இங்கிலாந்தில் லோட்டஸ் ஸ்தாபகர் காலின் சாப்மன், 1957-ல் எலீட் காரின் உடல் முழுவதையும் கண்ணாடி இழையால் வார்த்தார். 1962-ல் அவர் வெளியிட்ட எலான் 700 கிலோவுக்கும் குறைந்த எடையோடு, தன்னினும் பலமடங்கு வலிமை மிக்க கார்களை வளைவுப் பாதைகளில் பின்தள்ளிற்று. எஃப் 1 காரைச் சமைத்த கார்டன் மர்ரேக்கு ஆதர்சமாக விளங்கியது அந்த எலானே.

மர்ரே 1946-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிற் பிறந்தவர். 1969-ல் இங்கிலாந்துக்கு வந்து பிராபம் பந்தய அணியிற் சேர்ந்து, அதன் தலைமைச் சிற்பியாக உயர்ந்தார். 1978-ல் சுவீடன் பந்தயத்தில் நிக்கி லௌடா ஓட்டி வென்ற பி.டி.46பி என்னும் கார், பின்புறத்துப் பெரிய விசிறியொன்றால் அடியிலுள்ள காற்றை உறிஞ்சி வண்டியைத் தரையோடு பொருந்தவைத்த விந்தை அவருடையது. 1983-ல் நெல்சன் பிக்கே உலக சாம்பியன் பட்டம் பெற்ற பிராபம் காரும் அவர் வரைந்ததே. அதற்கு எஞ்சின் செய்து கொடுத்தவர் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துப் பால் ரோஷ். இவ்விருவர் நட்பு பிற்காலத்தில் பெரும்பயன் தந்தது.

கார்பன் இழை வந்த வழியும் இங்கே குறிப்பிடத் தக்கது. 1960-களின் முற்பகுதியில் ஃபார்ன்பரோவிலிருந்த பிரிட்டிஷ் அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தார், செயற்கை நூலைக் கடும் வெப்பத்தில் கரியாக்கி, எஃகினும் விறைத்ததும் அதனினும் மிக இலேசானதுமான இழையைப் பெறும் முறையை உருவாக்கினர். விமானத் தொழிலில் வளர்ந்த இப்பொருளைக் கொண்டு ஃபார்முலா 1 காரின் உடற்கூட்டை முதன்முதலில் அமைத்தவர் மெக்லாரன் அணியின் ஜான் பர்னார்ட். 1981-ல் அவர் செய்த எம்.பி.4/1 காருக்குக் கூட்டை வார்த்துக் கொடுத்தது அமெரிக்காவின் ஹெர்க்யூலிஸ் நிறுவனம். இலேசு ஒன்றே பர்னார்டின் நோக்கமன்று; காரின் அடியில் காற்றோட்டத்துக்கு அதிக இடம்விடக் கூடு ஒடுங்கவேண்டியிருந்தது; ஒடுங்கிய கூட்டை அலுமினியத்தாற் செய்தால் விறைப்புப் போதாது. விபத்தில் அக்கூடு பொடியாகிவிடும் என்று அஞ்சியோர் உண்டு. அதே ஆண்டு மோன்ஸா பந்தயத்தில் ஜான் வாட்சன் தடுப்பில் மோதி, எஞ்சின் தனியே பிய்ந்து பறந்தபோதும், கூடு சிதையாமல் அவர் காயமின்றி இறங்கி நடந்து வந்தது கண்டபின் அந்த அச்சம் நீங்கிற்று.

1988-ஆம் ஆண்டு மெக்லாரன் அணி பதினாறு பந்தயங்களில் பதினைந்தை வென்றது. தோற்ற ஒரே பந்தயம் மோன்ஸாவில் நடந்தது. அது முடிந்து ஊர் திரும்புகையில், மிலான் லினாட்டே விமான நிலையத்தில் தாமதமான விமானத்துக்குக் காத்திருந்த மெக்லாரனைச் சார்ந்த ரான் டென்னிஸ், மன்சூர் ஓஜ்ஜே, கிரெய்டன் பிரவுன், அதற்குள் பிராபமை விட்டு அங்கே சேர்ந்திருந்த மர்ரே ஆகிய நால்வரும், சாலைக் கார் ஒன்றைச் செய்வதென்ற எண்ணத்தை அங்கேயே பேசி முடிவுக்குக் கொணர்ந்தனர். மர்ரே விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. எடை 1000 கிலோ. ஓட்டுநர் நட்ட நடுவில் அமரவேண்டும். இரு பயணிகள் அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்தள்ளி அமரவேண்டும். மிதித்த கணத்திலேயே எஞ்சின் விடையளிக்கவேண்டுமாதலால் டர்போ கூடாது.

எஞ்சினுக்கு முதலில் நாடிய ஹோண்டா நிறுவனம் இசையவில்லை. பின்னர் பால் ரோஷ் அப்பொறுப்பை ஏற்றார். 550 குதிரைத்திறன், 250 கிலோ எடை என்று மர்ரே கேட்டிருக்க, ரோஷ் பன்னிரண்டு சிலிண்டரும் 6064 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய புத்தம்புது எஞ்சினை 627 குதிரைத்திறனோடு ஒப்படைத்தார். எடை மட்டும் 16 கிலோ மிகுந்து 266 கிலோவாயிற்று. கிராம் கணக்கில் வாதாடும் மர்ரே, இந்தப் பதினாறு கிலோவை வலிமையின் பொருட்டு ஏற்றுக்கொண்டார். இலேசு என்பது கண்மூடிப் பற்றும் விரதமன்று, ஒவ்வொரு கிலோவுக்கும் என்ன கைம்மாறு கிடைக்கிறதென்று கேட்டுப் பார்க்கும் விவேகமே என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இக்காரிற் கிடையாது.

உடற்கூட்டைச் செய்யும் முறை மிகுந்த பொறுமையை வேண்டுவது. பிசின் ஊட்டப்பட்ட கார்பன் இழைத் துணியை, தையற்காரர் துணியின் நூலோட்டம் பார்த்து வெட்டுவதுபோல், விசை செல்லும் திசைக்கேற்ப வெட்டி, அச்சினுள் கையாலேயே அடுக்கடுக்காகப் படியவைப்பர். அடுக்குகளின் நடுவே தேன்கூட்டு வடிவான உள்ளீடு வைக்கப்படும். பின்னர் உறையிட்டுக் காற்றை உறிஞ்சி நீக்கி, வெப்பமும் அழுத்தமும் ஒருங்கே தரும் உலையில் வைத்து வேகவைப்பர். ஓர் அடுக்கின் திசை பிசகினாலும் அவ்விடம் பலவீனமாகும். வெந்தபின் திருத்த வழியில்லை. இவ்வாறு ஒரு முழுக் காரை முடிக்க மூன்றரை மாதமளவு பிடித்தது.

கூட்டிற்காட்டிய சிரத்தை சில்லறை உறுப்புகளிலும் குறையவில்லை. எஞ்சின் அறையின் வெப்பம் கார்பன் இழையைத் தாக்காதிருக்க அறையின் உட்புறம் தங்கத் தகட்டால் மூடப்பட்டது. வெப்பத்தைத் திருப்பியனுப்புவதில் தங்கத்துக்கு இணையான பொருள் அரிதாதலின் இது ஆடம்பரமன்று. பின்புறத்துச் சைலன்ஸர், புகைபோக்கியாக இருப்பதோடு, பின்னால் வேறு வண்டி மோதினால் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் தடுப்பாகவும் அமைந்தது. ஓர் உறுப்பு இரண்டு வேலை செய்தால் இன்னோர் உறுப்பு வேண்டாமாகிறது. சக்கரங்கள் மக்னீசியம். காருடன் தரப்பட்ட ஸ்பானர் முதலிய கருவிகள் டைட்டேனியம். இசைத்தட்டுக் கருவியைக்கூட கென்வுட் நிறுவனத்தார் இதற்கெனப் பிரத்தியேகமாக இலேசாக்கிச் செய்து தந்தனர். பவர் ஸ்டீயரிங் இல்லை. பிரேக்குக்கு உதவும் விசையூக்கியும் இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் சாதனமும் இல்லை. பெட்ரோல் தொட்டி ஓட்டுநருக்குப் பின்னே, வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு அருகில் வைக்கப்பட்டதால், பெட்ரோல் நிறைந்திருப்பினும் வற்றியிருப்பினும் வண்டியின் சுபாவம் மாறவில்லை. நடு ஆசனத்தின் நியாயமும் இதுவே: ஓட்டுநர் ஒருவரே செல்லினும் பாரம் இருபுறமும் ஒத்திருக்கும், முன்சக்கரங்களின் மேடு காலுக்கு இடையூறாகாது, சாலையின் இரு ஓரங்களும் ஒருபோலத் தெரியும். இத்தனைக்கும் குளிர்சாதனமும் தோல் ஆசனமும் பெட்டிகளுக்கு இடமும் குறைவற இருந்தன. 1987-ல் வெளிவந்த ஃபெராரி எஃப் 40 கார், எடைக்கு அஞ்சி விரிப்பையும் கதவின் உட்கைப்பிடியையும் துறந்து கயிறு கட்டியிருந்ததை எண்ணிப் பார்த்தால், சுகத்தைக் கைவிடாமலே இவ்வெடையை எட்டியது எவ்வளவு பெரிய சாதனையென்பது விளங்கும். ஆயிரம் கிலோ என்ற இலக்கு மட்டும் கைகூடவில்லை.

1992 மே 28 அன்று மொனாக்கோவில் கார் வெளியிடப்பட்டது. வெளியழகு பீட்டர் ஸ்டீவன்ஸ் கைவண்ணம். சோதனை வண்டிகளில் முதலாவது, 1993-ல் நமீபியாவில் உருண்டு எரிந்தழிந்தது. ஓட்டியவர் நடந்தே வெளிவந்தார். அதே ஆண்டு இத்தாலியின் நார்டோ வட்டப்பாதையில் ஜானதன் பாமர் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். 1998 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் தளத்தில், எஞ்சினின் சுழற்சிக்கு இடப்பட்டிருந்த வரம்பைத் தளர்த்தி ஆண்டி வாலஸ் ஓட்டியபோது, இருதிசைச் சராசரி 386.4 கிலோமீட்டராகப் பதிவாயிற்று.

மர்ரே இக்காரைப் பந்தயத்துக்கென எண்ணவேயில்லை. வாங்கியோர் சிலரின் வற்புறுத்தலால் ஜி.டி.ஆர். என்னும் பந்தய உருவம் தோன்றிற்று. 1995 ஜூன் 17, 18 தேதிகளில் நடந்த ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில், பெரும்பகுதி நேரம் மழை பொழிந்துகொண்டிருக்க, பந்தயத்துக்கென்றே பிறந்த கூராஜ் போன்ற திறந்த கார்களை எதிர்த்து, ஜே.ஜே. லெஹ்டோ, யானிக் தல்மாஸ், மசநோரி செகியா ஆகிய மூவர் ஓட்டிய 59-ஆம் எண் எஃப் 1 முதலிடம் பெற்றது. மூன்றாம், நான்காம், ஐந்தாம், பதின்மூன்றாம் இடங்களும் எஃப் 1 கார்களுக்கே கிடைத்தன. விதிப்படி காற்று நுழைவாயில் குறுக்கப்பட்டிருந்தமையால் பந்தயக் காரின் எஞ்சின் சாலைக் காரினதைவிட வலிமை குறைந்திருந்ததென்பது கவனிக்கத் தக்கது. இவ்வெற்றியின் நினைவாகச் செய்யப்பட்ட எல்.எம். வகையின் எடை 1062 கிலோ.

வியாபாரத்தில் எஃப் 1 வெற்றிபெறவில்லை. பொருளாதார மந்தம் நிலவிய அவ்வாண்டுகளில் 5,40,000 பவுன் விலைக்கு எதிர்பார்த்த அளவு வாங்குவோர் கிட்டவில்லை. குறைகளும் இருந்தன: முகவிளக்கு மங்கல், மெதுவாகச் செல்லுகையில் ஸ்டீயரிங் கனக்கும். காலம் செல்லச் செல்லவே மதிப்பு உயர்ந்தது; 2021-ல் பெபிள் பீச் ஏலத்தில் ஒரு எஃப் 1 இரண்டு கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று.

இதன்பின் வந்த அதிவேகக் கார்களிற் பல வேறு வழியே சென்றன. 2005-ல் வந்த புகாட்டி வேரான் நான்கு டர்போக்களும் 1001 குதிரைத்திறனும் கொண்டு மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டியது. எடையோ 1888 கிலோ. உயர்வேகத்தில் அது எஃப் 1 காரை வென்றதாயினும், அந்த வேகத்தைப் பெற எத்தனை உறுப்புகளையும் எவ்வளவு பாரத்தையும் கூட்டவேண்டியிருந்ததென்று பார்க்கும்போது, மர்ரேயின் மார்க்கமே மேலானதென்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். சாப்மனின் வழியை விடாது பின்பற்றிய லோட்டஸ், அலுமினியப் பட்டைகளைப் பசையால் ஒட்டி 68 கிலோ எடையில் செய்த சட்டத்தின்மேல் 1996-ல் எலீஸ் காரை வெளியிட்டது. எளியோர் அல்லராயினும் நடுத்தர வசதியுள்ளோரும் இலேசுக் காரின் இன்பத்தை அனுபவிக்க அது வழிசெய்தது. மர்ரே தாமே தனி ஸ்தாபனம் கண்டு, 2020 ஆகஸ்டில் டி.50 என்னும் காரை அறிவித்தார். நடு ஆசனம், பன்னிரண்டு சிலிண்டர், கையால் மாற்றும் ஆறு கியர், பின்புறத்தில் 1978-ஐ நினைவூட்டும் 40 சென்டிமீட்டர் விசிறி ஆகியவற்றோடு அதன் எடை 986 கிலோ என்று குறிக்கப்பட்டது. காஸ்வொர்த் நிறுவனம் செய்த அதன் எஞ்சின் நிமிஷத்துக்கு 12,100 சுற்றுவரை சுழலவல்லது. 663 குதிரைத்திறன் தரும் அவ்வெஞ்சினின் எடை 178 கிலோ, அதாவது எஃப் 1 எஞ்சினைவிட 88 கிலோ குறைவு. நூறு கார்களே செய்வதென்று வரையறுக்கப்பட்டது.