இளநிலை உளவியல் பட்டப்படிப்பு (இந்தியா)

மனித மனத்தையும் நடத்தையையும் சோதனை, அளவீடு, உற்றுநோக்கல் ஆகியவற்றின் வழியே கற்பிக்கும் கல்லூரிப் படிப்பு. பி.ஏ., பி.எஸ்ஸி. என இரு பெயர்களில் வழங்கப்படுகிறது. பி.எஸ்ஸி. என்றால் சோதனைக்கூட வேலை கூடுதல் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரையும் பெரும்பாலான கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. வழக்கமான காலம் 3 ஆண்டுகள், 6 பருவங்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் நான்காம் ஆண்டு ஒன்றும் உண்டு.

சேர்ந்த முதல் மாதத்திலேயே சொந்தக்காரர் யாராவது, “நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுவிடுவார். அதற்குப் பதில் சொல்ல மூன்று வருடம் படித்தாலும் வராது. தான் நினைப்பதைத் தானே சரியாகச் சொல்ல முடியுமா என்ற சந்தேகத்தைத்தான் இந்தப் படிப்பு முதலில் கற்றுக்கொடுக்கிறது.

வரலாறு

இந்தியாவில் உளவியலுக்கென முதல் துறை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916இல் அமைந்தது. அதை நடத்த வந்தவர் நரேந்திரநாத் சென்குப்தா. அமெரிக்காவின் ஹார்வர்டில் ஹூகோ மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். அடுத்து மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924இல் துறையைத் தொடங்கியது. அதன் தலைவர் எம்.வி. கோபாலசாமி லண்டனில் சார்ல்ஸ் ஸ்பியர்மனிடம் பயின்றவர். (இவரை வேறொரு காரியத்துக்காகவும் நினைவுகூர்கிறார்கள்: 1935இல் மைசூரில் தம் வீட்டிலேயே சிறு வானொலி நிலையம் ஒன்றை நடத்தினார். அந்த நிலையத்தின் பெயர் ‘ஆகாசவாணி’.) சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை உருவானது.

மூன்ஸ்டர்பெர்க், ஸ்பியர்மன் இருவருமே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்டிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள். 1879இல் வுண்ட் அங்கே நிறுவிய சோதனைக்கூடமே உளவியல் தனி அறிவியலாகப் பிறந்த இடம் என்று பாடநூல்கள் குறிக்கின்றன. ஆக, கல்கத்தா வழியும் மைசூர் வழியும் மேலே போனால் ஒரே ஊரில் சேர்கின்றன. ஃபிராய்டின் பெயரைக் கேட்டுவிட்டு உளவியலில் சேரும் மாணவர் முதல் பருவத்திலேயே நிறுத்தற்கடிகாரமும் அளவுகோலும் பிடிக்க நேர்வது இதனால்தான்.

சோதனைக்கூடம்

இந்தப் படிப்பின் தனி அடையாளம் ‘பிராக்டிகல்’. இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். ஒருவர் சோதிப்பவர், மற்றவர் ‘சப்ஜெக்ட்’. அடுத்த முறை இடம் மாறிக்கொள்வார்கள்.

கண்ணாடி வரைதல் சோதனையை எடுத்துக்கொள்வோம். பலகையில் இரட்டைக்கோட்டு நட்சத்திரம் ஒன்று இருக்கும். மேலே ஒரு மறைப்புத் தகடு. கையையும் நட்சத்திரத்தையும் நேராகப் பார்க்க விடாது. எதிரே நிற்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்டி நட்சத்திரத்தைச் சுற்றிவர வேண்டும். நேர்க்கோட்டில் ஓரளவு சமாளித்துவிடலாம். முனை வந்ததும் கை திகைத்து நின்றுவிடும். முன்னால் தள்ள நினைத்தால் கண்ணாடியில் பென்சில் பின்னால் வரும். கோட்டைத் தாண்டினால் ஒரு பிழை. முதலில் இடக்கையால் ஒருமுறை, பிறகு வலக்கையால் பல முறை, கடைசியில் மறுபடியும் இடக்கை. இடையில் ஒருமுறைகூடப் பயிற்சி பெறாத இடக்கையும் முன்பைவிட வேகமாகவும் பிழை குறைவாகவும் சுற்றி வரும். ஒரு கை கற்றது மறு கைக்குப் போய்ச் சேர்வதை ‘இருபக்கப் பயிற்சி மாற்றம்’ என்கிறார்கள்.

கோடு தாண்டியதை எண்ணும் இதே சோதனைதான் நினைவாற்றல் ஆராய்ச்சியையும் ஒருமுறை திருப்பிப்போட்டது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர், அதன்பின் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாதவரானார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் நட்சத்திரப் பலகையைக் கொடுத்தார். மூன்று நாள் பயிற்சியில் பிழைகள் குறைந்துகொண்டே வந்தன; ஆனால் அந்தப் பலகையை முன்பு தொட்ட ஞாபகமே அவருக்கு இல்லை. கை மறக்காததை மனம் மறந்திருந்தது. நினைவு ஒரே பொருளல்ல என்பதற்கு இன்றும் முதலில் காட்டப்படும் சான்று இது.

மியூலர்-லையர் காட்சிப் பிழை (1889), எபிங்ஹௌஸ் வழிவந்த பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தல், ஸ்ட்ரூப்பின் நிறச்சொல் சோதனை (1935) ஆகியவையும் வழக்கமானவை. மியூலர்-லையரில் இரு கோடுகளும் சம நீளம் என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் ஒன்று நீளமாகவே தெரியும். அறிவு கண்ணுக்கு உத்தரவு போட முடியாது என்பதை விரிவுரையைவிட இது நன்றாகப் புரியவைக்கும்.

எல்லாவற்றையும் ரெக்கார்ட் நோட்டில் எழுத வேண்டும். நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்ற தலைப்புகளுக்கு நடுவே ‘அகநோக்கு அறிக்கை’ என்று ஒன்று பல கல்லூரிகளில் வரும். சோதனையின்போது தனக்குள் என்ன நடந்தது என்று சப்ஜெக்ட் சொல்லும் சில வரிகள். வுண்டின் காலத்து மிச்சம் இது. 1913இல் உளவியலாளர் ஜான் வாட்சன் அகநோக்கை அறிவியலிலிருந்தே விலக்கச் சொன்னார். ரெக்கார்ட் நோட்டு அதைப் பொருட்படுத்தவில்லை. பெரும்பாலும் “முதலில் கஷ்டமாக இருந்தது, போகப்போக எளிதானது” என்ற ஒரே வாக்கியம் வகுப்பு முழுவதும் சுற்றும் என்பதும் உண்மை.

பிற பாடங்கள்

பொது உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், உடலியல் உளவியல், ஆளுமைக் கோட்பாடுகள், நிறுவன உளவியல், ஆய்வு முறைகள். பலருக்குத் தலைவலி புள்ளியியல். கணக்கு வேண்டாம் என்று கலைப்பிரிவுக்கு வந்தவர் திட்ட விலக்கத்தையும் ஒட்டுறவுக் கெழுவையும் கையால் போட்டுப் பார்க்கும்போது ஏமாந்ததாக உணர்வார். ஆனால் ‘இன்ன பழக்கம் உள்ளவர்களுக்கு இன்ன குணம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய உதவுவது இந்தத் தாள்தான். பிறழ்நிலை உளவியலைப் படிக்கும் பருவத்தில், பாடத்தில் வரும் ஒவ்வொரு கோளாறும் தனக்கே இருப்பதாகப் பலருக்குத் தோன்றும். மருத்துவ மாணவர்களிடமும் காணப்படும் பழைய வழக்கம் இது.

மொழியும் அளவுகோலும்

தமிழ்நாட்டில் இப்படிப்பு பெரும்பாலும் ஆங்கில வழியிலேயே நடக்கிறது. கலைச்சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. ஆனால் அவற்றுக்கு வெளியே வேறொரு வாழ்க்கை உண்டு. ‘ஆளுமை’ என்றால் உளவியலில் ஒருவரின் நிலையான குணப்பாங்கு. பேச்சு வழக்கிலோ ‘இலக்கிய ஆளுமை’ என்று பெரியவரைக் குறிக்கும். “மனசு பாரமா இருக்கு”, “நெஞ்சை அடைக்குது” என்று வருபவரின் பேச்சை மேலைநாட்டு வினாப்பட்டியலின் எந்தக் கட்டத்தில் குறிப்பது என்பது பாடநூலில் இல்லாத கேள்வி. சோதனைகளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது; ஒப்பிடும் சராசரிகளையும் இங்குள்ளவர்களிடமே புதிதாக எடுக்க வேண்டும். சி.எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட செயல்வழி நுண்ணறிவுச் சோதனை இதற்கு ஆரம்பகால முன்னுதாரணம். 11 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும்படி, கட்டைகள், படங்கள் போன்றவற்றைக் கொண்டு அது அமைந்தது.

பட்டத்தின் எல்லை

இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர் மருத்துவ உளவியலாளர் ஆகமாட்டார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அந்தப் பெயருக்குரிய தகுதியை வரையறுக்கிறது: இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி, அல்லது முதுநிலைப் பட்டத்துடன் மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை, அது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவரின் வேலை. ‘கவுன்சலர்’ என்ற பெயருக்கு இப்படிப்பட்ட வேலி நெடுங்காலம் இல்லாததால், சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு பலகை மாட்டியவர்களும் உண்டு. மூன்று வருடம் உழைத்துப் படித்தவருக்கு இது எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை.

பட்டதாரிகள் பலர் முதுநிலைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் மனிதவளத் துறை, சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், சந்தை ஆய்வு என்று பிரிகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் எம்.எஸ்ஸி. முடிப்பது பலரின் திட்டமாக இருந்தது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தது. உளவியலும் அவற்றுள் ஒன்று. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் அந்த வழியில் புதிய சேர்க்கை கிடையாது.