ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரம்: கிடர்மின்ஸ்டரில் பாக்ஸ்டரின் மேய்ப்புப் பணி

மேய்ப்புப் பணியைப் பற்றி எழுதும்போது அன்பு, பரிவு, பொறுமை என்று ஆயருக்கு இருக்கவேண்டிய குணங்களை அடுக்கிச் சொல்வது நம் இறையியல் எழுத்தில் வழக்கமாகிவிட்டது. குணம் வேண்டும்தான். ஆனால் எவ்வளவு நல்ல ஆயருக்கும் வாரத்துக்கு ஏழு நாள்தான். அந்த ஏழு நாளில் சபையாருடன் தனித்தனியே உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே ஒரு சபையில் மேய்ப்புப் பணி நடக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடலாம் என்பது இக்கட்டுரையின் வாதம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் செய்த பணி இதற்குத் தெளிவான சான்று.

பாக்ஸ்டர் (1615–1691) அந்த ஊருக்கு முதலில் வந்தது 1641இல். உள்நாட்டுப் போர் அவரை வெளியே இழுத்துச் சென்றது. 1647இல் திரும்பி வந்து 1660 வரை அங்கே பணியாற்றினார். பிரசங்கி என்ற வகையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டம் கொள்ளாமல் ஆலயத்துக்குள் ஐந்து கேலரிகள் கட்டவேண்டி வந்தது. நம் காலத்தில் இதுவே வெற்றி என்று எழுதப்பட்டிருக்கும். அவரோ ஆட்களைத் தனியாக அழைத்து விசாரித்தபோது, எட்டுப் பத்து ஆண்டுகளாகத் தம் பிரசங்கத்தைக் கேட்டவர்களில் சிலருக்குக் கிறிஸ்து யார் என்பதே தெரியவில்லை என்று கண்டார். வேறு சிலருக்கு அரைமணி நேரத் தனிப் பேச்சு, பத்தாண்டுப் பிரசங்கத்தைவிட அதிகம் உதவியிருந்தது. இந்த அனுபவத்தை அவர் மறைக்கவில்லை. வூஸ்டர் வட்டார ஆயர்கள் 1655 டிசம்பரில் கூடியபோது நோயால் அவரால் போக முடியவில்லை. அங்கே பேச எண்ணியதை விரித்து 1656இல் நூலாக வெளியிட்டார். சீர்திருந்திய மேய்ப்பரைப் பற்றிய அந்த நூல் இன்றும் அச்சில் இருக்கிறது.

அவர் வகுத்த ஏற்பாடு எளிமையானது. வினா-விடை வடிவிலான ஞானோபதேச நூல் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தது. திங்களும் செவ்வாயும், காலை முதல் ஏறக்குறைய இரவு வரை, வேறு வேலை கிடையாது. ஊருக்குள் இருந்தவர்கள் பாக்ஸ்டரிடம் வந்தார்கள். சுற்றுப்புறத்தாரைத் தேடி அவருடைய உதவி ஆயர் போனார். குடும்பத்துக்கு ஒரு மணி நேரம். இருவருமாக வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட குடும்பங்களை ஓராண்டில் சுற்றி வர இது போதும். அவருடைய பக்தியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பெருக்கல் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அவருடைய முதன்மையான இறையியல் பங்களிப்பாகத் தெரிகிறது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் கிரகோரியார் எழுதிய மேய்ப்புப் பணி நூலும் ஏழைக்கு ஒருவிதமாக, செல்வருக்கு ஒருவிதமாக, கூச்சமுள்ளவருக்கு வேறுவிதமாகப் புத்தி சொல்லவேண்டும் என்று நீண்ட விளக்கம் தருகிறது. எதிரில் இருப்பவர் எவ்வகையினர் என்று அறிந்துகொள்ள ஆயருக்கு நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை தந்தவர் பாக்ஸ்டர்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்ததையும் பார்க்கவேண்டும். பிறர் முன்னிலையில் யாரும் மனம் திறக்கமாட்டார்கள் என்பதால் ஒவ்வொருவராக அழைத்துப் பேசச் சொல்கிறார். பதில் தெரியாமல் திணறுகிறவரை அப்படியே விட்டு வெட்கப்படுத்தக் கூடாது. கேள்வியை மாற்றி, விடை அதற்குள்ளேயே இருக்கும்படி அமைத்து, ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும் என்கிற அளவுக்கு இறங்கி வரவேண்டும். தேவபக்தியில் முதிர்ந்த வயதானவர்கள்கூடத் தாங்கள் அறிந்ததைச் சொல்லில் வைக்கத் தெரியாமல் தவித்ததை அவர் கண்டிருந்தார். சொல்லத் தெரியாதவருக்கு விசுவாசமே இல்லை என்று முடிவுகட்டிவிடாத இந்த நிதானம், ஆன்மிக வழிகாட்டுகிற எவருக்கும் அடிப்படைப் பாடம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷெல் ஃபூக்கோ 1978இல் ஆற்றிய விரிவுரைகளில், ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியே அறிந்துவைத்திருக்கும் மேய்ப்பரின் கவனிப்பை ஓர் அதிகார வடிவமாகவே ஆராய்ந்தார். பாக்ஸ்டரை அந்த விமர்சனத்திலிருந்து முழுவதும் காப்பாற்ற முடியாது. சபை ஒழுங்குக்கு உடன்பட்டவர்களுக்கே அவர் திருவிருந்து கொடுத்தார். அவர்கள் ஏறத்தாழ 600 பேர். ஆனாலும் தம் சபையாரின் பலவீனங்களை அறிந்திருந்த அதே மனிதர், ஊரில் மருத்துவர் இல்லாத சில ஆண்டுகள் கட்டணம் வாங்காமல் அவர்களுக்கு மருந்தும் கொடுத்தார். நோயில், வறுமையில், சாவு வீட்டில் அவர் கூடவே இருந்தார். விசாரித்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறவரின் கையில்தான் ஒருவரின் இரகசியம் ஆபத்தாகிறது என்பேன்.

பியூரிட்டன்கள் எனப்பட்ட, பாக்ஸ்டர் போன்ற ஆங்கிலேயச் சீர்திருத்தவாதிகளின் நூல்கள் ஜெர்மனியிலும் வாசிக்கப்பட்டன. அங்கே எழுந்த பயட்டிஸ்ட் என்ற பக்தி இயக்கத்திலிருந்து 1706இல் தரங்கம்பாடிக்கு மிஷனரியாகச் சீகன்பால்கு வந்தார். அந்த மிஷனில் முதல் தமிழ் ஆயராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733இல்தான். அதுவரை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், அதன் பின்பும் பல கிராமங்களில், சபையாரோடு அன்றாடம் பழகி அவர்களை விசாரித்தவர்கள் உபதேசியார்கள். கிடர்மின்ஸ்டரின் உதவி ஆயருக்கு நிகரானவர்கள் இவர்களே. தமிழ்த் திருச்சபை வரலாற்றில் இவர்களுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை.

இன்று ஒரு சேகர ஆயரிடம் பல சபைகள் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனைகள், திருமணம், அடக்கம், பள்ளித் தாளாளர் பொறுப்பு, கமிட்டிக் கூட்டங்கள் எல்லாம் போக மிஞ்சும் மாலையில் வீடு சந்திப்பு. ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், ஒரு டம்ளர் காபி, அடுத்த வீடு. குடிக்கிற கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, “எல்லாம் நல்லாத்தான் இருக்கோம் ஐயா” என்கிறார் மனைவி. பத்து நிமிடத்தில் வேறென்ன சொல்ல முடியும்? அந்தக் கணவருக்கும் சொல்ல ஏதோ இருந்திருக்கும். அதைக் கேட்கவும் நேரமில்லை. இதற்கு ஆயரின் மனத்தைக் குறை சொல்வது அநியாயம். அவருடைய நேரத்தை நாமே வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டோம்.

400 குடும்பங்கள் கொண்ட சேகரத்தில் வாரத்துக்கு எட்டுக் குடும்பம் என்றால் ஓராண்டில் எல்லாரையும் சந்தித்துவிடலாம். எட்டு மணி நேரம், அதாவது ஒரு முழு நாள். உபதேசியாரும் பயிற்சி பெற்ற பெண் ஊழியரும் பகிர்ந்துகொண்டால் அரை நாளுக்கும் குறைவு. பெண்கள் தனியே பேச விரும்புவதைக் கேட்கப் பெண் ஊழியர் கட்டாயம் வேண்டும். அந்த நாளுக்காக எந்தப் பொறுப்பை ஆயரிடமிருந்து எடுப்பது என்பதைச் சேகரக் கமிட்டிகள் பெயர் குறித்துத் தீர்மானிக்கவேண்டும். தாளாளர் பொறுப்பிலிருந்து தொடங்கலாம். பள்ளி நிர்வாகம் தெரிந்தவர்கள் சபையாரிலேயே இருக்கிறார்கள்.